சுருட்டுக் கடையின் நற்பெயர்

யாழ்ப்பாணத்துச் சிறு வணிகர் பலர் தம் நற்பெயரைத் தேடிக்கொண்டது சொந்த ஊரில் அன்று. தம் மொழி வழங்காத ஊர்களிலேயாம். சென்ற நூற்றாண்டில் தென்னிலங்கையின் நகரங்களிலும் சிற்றூர்ச் சந்திகளிலும் யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக் கடைகள் விளங்கின. காகம் பறவாத இடமும் இல்லை, காரைதீவான் போகாத இடமும் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வது, இன்று காரைநகர் என வழங்கும் ஊரின் வணிகரைக் குறித்ததே. 1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை முழுமையுற்றபின், சுருட்டுத் தெற்கே செல்வது எளிதாயிற்று. சுருட்டு உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. இங்கு ஆராயத்தக்கது அதனை விற்றவரின் முறை.

கடையோ மிகச் சிறியது. சுருட்டுக் கட்டுகள், வெற்றிலை, பாக்கு, தொங்கும் வாழைக்குலை, இவ்வளவே முதல். இதே பொருள்கள் அடுத்த கடையிலும் கிடைக்கும். அவ்வாறாயின் வாடிக்கைக்காரர் இங்கு வருவானேன்?

ஊரிலிருந்து வந்த சிறுவன் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, விரைவிற் சிங்களம் பேசப் பழகினான். பள்ளிக்கூடம் பல ஆண்டுகளிற் கற்பிக்க இயலாததைக் கடைப்பலகை கற்பித்தது என்பதை ஆசிரியர்கள் சற்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். இன்னாருக்குக் காரமான சுருட்டு, இன்னாருக்குக் காரம் குறைந்தது என்பது அவன் மனத்திற் பதிந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டால் வந்தவர் சண்டை பிடிக்கமாட்டார். மறுநாள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். குறை சொல்பவரைவிடச் சொல்லாமற் போகிறவரே கடைக்கு இழப்பு. இதனை உணர்ந்த முதலாளி, குறை சொன்னவரோடு வாதாடாமல் வேறு சுருட்டை எடுத்து நீட்டுவார்.

கடன் கொப்பி இன்னுங் கடியதொரு சோதனை. கணக்குத் தமிழில் இருக்கும். கடன் கொண்டவருக்கு அவ்வெழுத்து விளங்காது. ஏமாற்ற இதனினும் எளிய வாய்ப்பு வேறுண்டோ? எல்லாரும் நேர்மையாளர் என்பது உபசார வார்த்தையாகும். ஆயினும் நெடுங்காலம் நிலைத்த கடை, தொகையை உரக்கச் சொல்லி, வாடிக்கைக்காரர் தலையசைத்த பின்னரே எழுதிய கடை.

1958இலும் 1983 யூலையிலும் நிகழ்ந்த வன்செயல்களில் தமிழர் கடைகள் பல எரிக்கப்பட்டன. நற்பெயர் நெருப்பைத் தடுக்கவில்லை. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும் அந்நாள்களில் தமிழருக்குத் தம் வீட்டில் இடமளித்து உயிர் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர். கடைக்காரரை அவர்கள் அறிந்திருந்தது கடைப்பலகையின் முன் நின்றே.

2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாண நகருக்கும் பெரும் விற்பனை நிலையங்கள் வந்துள்ளன. குளிரூட்டிய மண்டபத்திலும் விலைக்கழிவிலும் சந்திக் கடை அவற்றோடு போட்டியிட இயலாது. ஆனால், “போன முறை தந்த பருப்பு அவியேல்லை, தம்பி” என்று ஒரு மூதாட்டி வந்து சொல்லும்பொழுது, முகஞ் சுளியாமல் அதனைத் திரும்ப வாங்கிக்கொள்ள முதலாளியே எதிரில் நிற்பது அச்சந்திக் கடையிலேதான்.