சர்க்கரை மருந்தும் கண் பார்வையும்

 

"சர்க்கரை மாத்திரை கண்ணைக் கெடுத்துவிடும்" என்றொரு பேச்சு நம்மிடையே உலவுகிறது. அதை நம்பி மருந்தை நிறுத்துவோரும் உண்டு. அதில் உண்மை எவ்வளவு என்பதையே இங்கு பேச விழைகிறேன்.

கண்ணைக் கெடுப்பது முதன்மையாக மாத்திரையன்று, கட்டுக்கடங்காத சர்க்கரையே. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை அது நலிவித்துக் கசியச் செய்கிறது, அடைக்கவும் செய்கிறது. சென்னையில் நடைபெற்று 2005-இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உடையோரில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. நோய் புதிதாகக் கண்டறியப்பட்டோரிலேயே அது 5.1 விழுக்காடு. வலி இராது, பார்வையும் நெடுநாள் தெளிவாகவே இருக்கும். அதனாலேயே பலர் காலங்கடந்து வருகின்றனர்.

ஆயினும் அப்பேச்சில் ஒரு துளி உண்மை உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான இன்சுலின் ஆய்வில், சர்க்கரையை விரைந்து கட்டுப்படுத்திய சிலருக்குத் தொடக்கத்தில் கண் நோய் சற்று மிகுந்தது. ஆனால் அதே சிகிச்சை, கண் நோய் இல்லாதிருந்தோர்க்கு அது தோன்றும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்தது! 2016-இல் வெளியான செமகுளூடைட் ஊசி ஆய்வில், ஈராண்டில் மருந்து பெற்றோரில் 3 விழுக்காட்டினருக்கும் பெறாதோரில் 1.8 விழுக்காட்டினருக்கும் கண் சிக்கல் நேர்ந்தது. அவர்களுள் பெரும்பாலோர் முன்பே விழித்திரை நோய் உடையவர்கள். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சடுதியில் இறங்குவதே காரணம் என மருத்துவர்கள் கருதுகின்றனர். பியோகிளிட்டசோன் மாத்திரையின் வழி வேறு. அது உடலில் நீரைத் தேக்கும், கால் வீங்கும், அரிதாக விழித்திரையின் நடுப்பகுதியும் வீங்கும்.

எனவே மருந்தை நாமே நிறுத்தலாகாது. இன்சுலினோ புதிய ஊசியோ தொடங்குமுன் விழித்திரையைக் காட்டிவிட வேண்டும். கண் நோய் இருப்பின் மருத்துவர் மருந்தின் அளவைப் படிப்படியாக உயர்த்துவார்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக மாத்திரை வீட்டிற்கே வருகிறது. நல்ல ஏற்பாடுதான்; ஆனால் மாத்திரை வாங்கியதோடு கடமை முடிந்தது என்றிருந்தால் கண்ணை யார் பார்ப்பது? ஆண்டுக்கொருமுறை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேறு கண் மருத்துவரிடமோ செல்லுங்கள். உட்கொள்ளும் மருந்துச் சீட்டுகளையும் கொண்டு செல்லுங்கள். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும். ஆகையால் ஸ்கூட்டரில் தனியே போகாமல் மகனையோ மருமகனையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.