சட்டத்தை எழுதியது யார்?



சிகரெட் கம்பெனி என்றாலே எந்தக் கட்டுப்பாட்டையும் எதிர்த்து நிற்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். மின்சிகரெட் வந்த பிறகு அது சாமர்த்தியமான இன்னொரு வழியையும் பிடித்துக்கொண்டது. சட்டமே வேண்டாம் என்று மல்லுக்கட்டுவானேன்? தனக்குத் தோதான சட்டத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டால் போயிற்று!

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். ஜூல் என்ற மின்சிகரெட் கம்பெனியின் தலைமையகம் அப்போது அங்கேதான் இருந்தது. பார்வைக்குப் பென் டிரைவ் மாதிரி சின்னக் கருவி. மாம்பழம், புதினா என்று விதவிதமான சுவைகள். பள்ளிப் பிள்ளைகளிடம் அது வேகமாகப் பரவியது. பதின்வயதினரிடையே மின்சிகரெட் கொள்ளைநோயாகிவிட்டது என்று 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் தலைவர் ஸ்காட் காட்லீப் எச்சரித்தார். அந்த டிசம்பரிலேயே, அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூலின் 35 சதவீதப் பங்குகளை வாங்கியது.

2019 ஜூனில் நகர மன்றம் ஒரு தடை கொண்டுவந்தது. உணவு, மருந்து நிர்வாகம் பரிசோதித்து அனுமதிக்காத எந்த மின்சிகரெட்டையும் நகரில் விற்கக் கூடாது. அன்றைக்கு அந்த அனுமதி பெற்ற மின்சிகரெட் ஒன்றுகூடக் கிடையாது.

கலிபோர்னியாவில் கையெழுத்துத் திரட்டினால் யாரும் ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். ஜூல் அந்தக் கதவைத் தட்டியது. முன்மொழிவு சி என்று ஒரு சட்டம் வாக்குச்சீட்டில் ஏறியது. வாங்குபவரின் வயதைச் சரிபார்க்க வேண்டும், ஒருவருக்கு இவ்வளவுதான் விற்கலாம் என்றெல்லாம் அதில் விதிகள். பிள்ளைகளைக் காப்பதற்கான சட்டம் என்றே பிரசாரம் நடந்தது. ஆனால் அது நிறைவேறியிருந்தால் நகரத்தின் தடை செல்லாமல் போயிருக்கும். இதற்காக ஜூல் கொட்டிய பணம் ஒரு கோடி டாலருக்கும் மேல்.

செப்டம்பர் கடைசியில் ஆல்ட்ரியாவின் அதிகாரியாக இருந்த கே. சி. கிராஸ்வெயிட் ஜூலின் தலைவரானார். எதிர்ப்பு வலுக்கவே, சில நாட்களில் கம்பெனி பிரசாரத்திலிருந்து ஒதுங்கிக்கொண்டது. நவம்பர் வாக்கெடுப்பில் பத்தில் எட்டுப் பேர் அந்தச் சட்டத்தை நிராகரித்தார்கள்.

எல்லா இடத்திலும் மக்கள் கைக்கு வாக்குச்சீட்டு வருவதில்லை. 2015-இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டாம் கோல் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஏற்கெனவே கடையில் விற்கும் மின்சிகரெட்டுகளுக்குப் புதிய அனுமதி தேவையில்லை என்பது அதன் சாரம். அதன் வாசகம் ஆல்ட்ரியா எழுதித் தந்த வரைவு என்பதை அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. மசோதா சட்டமாகவில்லை.

தோற்றாலும் லாபம் பார்க்க முடியும். சுவையூட்டிய புகையிலைப் பொருள்களையும் மின்சிகரெட்டுகளையும் கடைகளில் விற்கக் கூடாது என்று 2020-இல் கலிபோர்னியா சட்டமியற்றியது. புகையிலைக் கம்பெனிகள் கையெழுத்துத் திரட்டி அதையும் வாக்கெடுப்புக்கு இழுத்தன. 2022 நவம்பரில் மக்கள் சட்டத்தின் பக்கமே நின்றார்கள். ஆனால் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வரவேண்டிய தடை, 2022 டிசம்பரில்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு வருட விற்பனை லாபத்தைக் கம்பெனிகளிடமிருந்து யார் திரும்பப் பெறப்போகிறார்கள்?

இந்தத் தந்திரம் உலகம் அறியாததல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து அரசுகள் காக்க வேண்டும் என்று அதன் 5.3-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை ஏற்றுக்கொண்ட நாடு. அமெரிக்கா கையெழுத்திட்டதோடு சரி, உறுதிசெய்யவில்லை.

இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட் விற்பனைக்கே தடை இருக்கிறது. நாளைக்கு அந்தத் தடையைத் தளர்த்தி முறைப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வரலாம். அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். இருக்கிற எந்த விதியை அது ரத்து செய்கிறது, வரைவை எழுதியது யார், பிரசாரச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.