பின்பக்க லிஃப்ட்



உணவு டெலிவரி என்றால் எல்லோரிடமும் ஒரு புகார் இருக்கிறது. லேட்டாக வந்தது, ஆறிப்போய் வந்தது, சாம்பார் கொட்டிப்போனது. சென்னையில் இரண்டு வருடம் அந்தப் பெட்டியைச் சுமந்தவன் நான். பாதிப் புகார் நியாயம்தான். ஆனால் ஓட்டல் வாசலில் நாங்கள் காத்துக்கிடக்கும் இருபது நிமிடமும் எங்கள் தலையில்தான் விழும்.

நம்ம குன்னூரில் வேறு சிக்கல். மேப்பில் கூப்பிடு தூரம், வண்டியில் போனால் நாலு கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தெருப்பெயர் ஏது? லொக்கேஷன் போட்டால் தேயிலைச் செடி நடுவில் காட்டும். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இந்த மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்னும் போனில் வழி சொல்லித்தான் பார்சல் வாங்குகிறார்கள்.

அது போகட்டும், நான் பேச வந்தது லிஃப்ட் பற்றி. சென்னையில் ஒரு அடுக்ககத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்: வேலையாட்களும் டெலிவரி ஆட்களும் பின்பக்க லிஃப்ட்டில் போகவும். அது குப்பை இறக்கும் லிஃப்ட். அன்றைக்கு அதுவும் ரிப்பேர். ஏழு மாடி ஏறினேன். நான் கொண்டுபோன பிரியாணி அவர்கள் வாய்க்குள் போகலாம், நான் மட்டும் அவர்களோடு ஒரு நிமிடம் நிற்கக்கூடாது. டீக்கடை இரட்டைக் குவளையை எதிர்த்தவர்கள் நாம். இரட்டை லிஃப்ட்டை மட்டும் 'செக்யூரிட்டி' என்று எப்படி ஏற்றுக்கொண்டோம்?

2024 மார்ச் 19 அன்று சொமாட்டோ, சைவம் மட்டும் கொண்டுபோகத் தனிப் படை அறிவித்தது. பச்சைச் சீருடை, பச்சைப் பெட்டி. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே பச்சை நிறம் போனது. தனிப் படை போகவில்லை. சிவப்புச் சட்டைக்காரர்களைச் சில குடியிருப்புகள் உள்ளே விடாமல் போகலாம், வாடிக்கையாளருக்கே வீட்டு உரிமையாளரால் தொல்லை வரலாம் என்பதை அந்நிறுவனத் தலைவரே ஒப்புக்கொண்டார். அதாவது, வாசலில் யார் தடுப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும். 2019இல் ஜபல்பூரில் ஒருவர், கொண்டுவருபவர் இந்து அல்ல என்று ஆர்டரையே ரத்து செய்தார். ஆப்பில் பெயர் தெரிகிறதே, அது போதும்.

இங்கே பெயரைப் பார்த்துச் சாதி கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். அது தானாக வந்ததா? 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடத் தீர்மானம் போட்டார்கள், அதனால் வந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயில் 'பிராமணாள்' என்ற பலகைக்கு எதிராகப் பெரியார் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போனது. ஒரே ஒரு சொல்லுக்கு அத்தனை பேர் சிறை போனார்கள், தோழர்களே!

உங்களில் சிலர் சென்னை, கோவை, பெங்களூரு என்று அடுக்ககங்களில் தங்கி வேலை பார்க்கிறீர்கள். லிஃப்ட் பக்கத்தில் அப்படி ஒரு நோட்டீஸ் இருந்தால் அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். யார் எழுதியது, எந்தத் தீர்மானத்தின்படி என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாங்கியதை எங்களுக்கும் அனுப்புங்கள்.