வட்டிக்கடைக் கணக்கில் ஆச்சியின் பங்கு

குடும்ப வரலாற்றை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கின் தொடக்கத்திலேயே என் முடிபைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, வந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் மனைவியரை, கடல் கடந்த கணவருக்காகச் செட்டிநாட்டு வீடுகளில் காத்திருந்தவர்களாக மட்டுமே நம் நூல்கள் காட்டுகின்றன. அந்தக் காத்திருப்பு உண்மைதான். ஆனால் ஆச்சிமார் எனப்பட்ட அம்மனைவியர் கணவரின் தொழிலுக்கு முதல் தந்தவர்களும் ஆவர். அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் மலாயா வட்டிக்கடை வரலாறு பாதி வரலாறே.

இதற்குரிய சான்றுகள் இரண்டு இடங்களில் கிடைக்கின்றன. ஒன்று, குடும்பத்தில் மனைவியின் இடத்தைக் காட்டும் கோயில். நகரத்தாரின் ஒன்பது கோயில்களிலும் திருமணமான ஆண்மகனே புள்ளியாகக் கணக்கிடப்படுகிறான். மனைவி வந்த பிறகே அவன் கோயில் வரி செலுத்தும் தனிக் குடும்பமாகிறான். திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானம் இரு வீட்டாரின் ஊரையும் கோயிலையும் பதிவு செய்கிறது. மற்றொன்று, அவள் தந்த முதலைக் காட்டும் கடைக் கணக்கு. முதல்பணம், மேம்பணம், தவணைப்பணம் என்று கடைக்கு வந்த பணத்தை வகை பிரித்த ஏடுகளில் ஆச்சிமார் பணத்துக்கும் தனி வகை உண்டு. பெண்ணுக்குத் தந்த சீதனம் அவள் பெயரில் வரவாகி, வட்டியோடு வளர்ந்தது. இங்கிலாந்தில் மனைவி தன் சொத்தைத் தனியே வைத்துக்கொள்ளும் உரிமை 1882இல்தான் முழுமை பெற்றது. இந்து சட்டமோ சீதனத்தைப் பெண்ணின் தனிச் சொத்தாகவே நெடுங்காலம் கருதிவந்தது.

பெயர் மட்டும் ஆச்சியுடையது, ஆட்சி ஆண்களுடையது என்று மறுப்போர் உண்டு. யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த நிலத்தை ஈடாக வாங்குவது என்பவற்றைக் கடையிலிருந்த முதலாளியும் அவர் முகவரான மேலாளுமே முடிவு செய்தனர் என்பதை ஏற்கிறேன். ஆயினும் கடையை நடத்தாதவர் கடைக்குப் பணம் தந்தவராக இருக்கக்கூடும். ஐந்தொகை எனும் இருப்புநிலைக் கணக்கில் ஆச்சியின் தொகை, கடை திருப்பித் தரவேண்டிய பொறுப்பாக நின்றது. அவர் விருப்பம் எவ்வளவு செல்லுபடியானது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டிருக்கும். அதை ஏடு ஏடாகப் பார்த்தே சொல்ல வேண்டும். பார்க்காமல் மறுப்பதும் பார்க்காமல் புகழ்வதும் ஒரே பிழைதான்.

ரப்பர்ப் பால்மரக் காட்டில் உழைத்த பெண்களின் மண்ணில் வட்டிக்கடைக்காரர் மனைவியைப் பேசலாமா என்ற கேள்வி இதைவிடக் கடுமையானது, நியாயமானதும்கூட. என் விடை இது: நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சிறுதோட்டங்களும் நிலங்களும் நகரத்தார் கடனோடு பிணைந்தே வளர்ந்தன, கைமாறின. அந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சீதனமும் இருந்திருக்கலாம் என்றால், கடன் கொடுத்த வீட்டையும் கடனில் மூழ்கிய வீட்டையும் அந்த நிலத்தில் கூலி பெற்ற வீட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். இங்கு பெண்களின் உடைமையும் உழைப்பும் மூன்று வேறு பதிவுகளில் நின்றன. அடாட் பெர்பாத்தே எனும் தாய்வழி வழக்கப்படி மலாய்ப் பெண்வழிக்கு உரிய பரம்பரை நிலத்தை 1909ஆம் ஆண்டின் சட்டம் பதிவேட்டில் காத்தது. ஆச்சியின் உடைமை கடை ஏட்டில் நின்றது. தோட்டப் பெண்ணின் உழைப்போ செக்ரோல் எனும் வருகைப் பதிவுப் புத்தகத்தில் நாட்கூலியாக மட்டும் நின்றது. மூன்றையும் அருகருகே வைத்தால்தான் யாருடைய செல்வம் யாருடைய உழைப்பில் வளர்ந்தது என்று நேர்மையாகச் சொல்ல முடியும்.

ஆகவே இக்கருத்தரங்கு ஒரு பணியை ஏற்க வேண்டுகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் கரையான் அரிக்கும் கணக்கேடுகளையும், பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது சிதறிய தொழிலாளர் குடும்பங்களின் பிறப்புப் பத்திரங்களையும் வாய்மொழிச் செய்திகளையும் ஒரே திட்டத்தின் கீழ்ப் படியெடுப்போம். குடும்ப மரம் வரையும்போது மகள், மருமகள் பெயர்களை விடாமல் எழுதுவோம். அவர்கள் கொண்டுவந்ததையும் ஈட்டியதையும் அப்பெயர்களின் எதிரே குறிப்போம். இந்த வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.