கூரையில் ஏறும் முன்

(அக்கரப்பத்தனையில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மழையிலே நம்ம படிப்பகத்து இன்டர்நெட் நின்று போனது. பரீட்சை நெருங்கிய நேரம். எதிர்மலை டவரைப் பார்த்திருக்கிற டிஷ் காற்றில் அசைந்துவிட்டது என்று நாங்களும் நினைத்தோம். இரண்டு பையன்கள் ஈரத் தகரத்தில் ஏறி அதைத் திருப்பிவிட்டார்கள். பிறகு பார்த்தால், கீழே அடப்டர் எரிந்து கிடக்கிறது! அதை மாற்றியும் லைன் வரவில்லை. டிஷ்தான் திசை மாறிப்போச்சே. ஒரு நாள் வேலை ஒன்பது நாளாயிற்று. பையன் வழுக்கி விழுந்திருந்தால்? நினைச்சாலே நெஞ்சு பதறுது.

தமிழ்நாட்டில் தேனி அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, அமெரிக்காவின் பர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, 2005ஆம் ஆண்டளவில் கிராமத்துக் கண் நிலையங்களுக்கு இதே மாதிரி ரேடியோ இணைப்பு போட்டது. டாக்டர் தேனியில் இருந்தபடியே கிராமத்து நோயாளியிடம் வீடியோவில் பேசினார். அந்த அனுபவத்தை ஆய்வாளர்கள் 2008இல் எழுதினார்கள். அங்கேயும் பெரிய தொல்லை கொடுத்தது சீரில்லாத கரண்டுதான்.

ஆகவே முதலில் கீழே பாருங்க. ப்ளக், அடப்டர், வயர் முனை சரியா? லைட் எரியுதா? வயருக்குள்ளே தண்ணி இறங்கியிருக்கா? இடி மின்னல் வருமுன் ப்ளக்கைக் கழற்றிவிடுங்க.

அடுத்தது வழி. டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிலோமீட்டர் போக, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 5 மீட்டராவது வெட்டவெளி வேணும். மரம் வளர்ந்து மறைத்தால் சிக்னல் குறையும். நனைந்த இலை இன்னும் குறைக்கும். பனிமூட்டத்தின் மேல் பழி போடாதீங்க. இந்த அலைக்கு அது பெரிய தடை இல்லை.

இவை சரியென்றால்தான் டிஷ். வெயில் நாளில், பழகியவர் மட்டும், இடுப்பில் பெல்ட் கட்டி ஏறணும். டீவி அன்டனா திருப்பின காலம் ஞாபகம் இருக்கா? கூரையில் ஒருத்தர், வாசலில் ஒருத்தர், "வருது, போச்சு" என்று சத்தம். அதே முறைதான். ஒரு முனையைத் திருப்பும்போது மறுமுனையைத் தொடக்கூடாது. முதலில் இடம் வலம், பிறகு மேல் கீழ், மெதுவாக. முதலில் கிடைத்த சிக்னலோடு நின்றுவிடாதீங்க. டிஷ்ஷுக்குப் பக்கவாட்டிலும் சின்ன சிக்னல் உண்டு. தாண்டித் திருப்பிப் பார்த்து, உச்சத்தில் நிறுத்தணும். மைனஸ் 60 நல்லது. மைனஸ் 80 பலவீனம். நட்டை இறுக்கிய பிறகும் எண்ணைப் பார்த்து, பெயின்டால் அடையாளம் போடணும்.

2020இல் பள்ளிக்கூடம் மூடியபோது சிக்னல் தேடி மலையேறின பிள்ளைகள் நம்ம பிள்ளைகள். அவர்கள் மறுபடி மலையேறவும் வேண்டாம், கூரையேறவும் வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பேர் இந்த வேலையைப் பழக முன்வாங்க. பெயரை இன்றைக்கே கொடுங்க.