மூடிய கோப்பும் நீதிமன்றமும்



கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது மரபு. அதனைப் பேச நம்மினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ள விழைகின்றோம். 'உன்னால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து' என்று சொல்லி ஓர் அகதிக்கு அரசு விசா மறுக்குமானால், அம்மறுப்பை நீதிமன்றம் எவ்வளவு தூரம் கேள்வி கேட்கலாம் என்பதே அப்பொருள்.

கூத்தாநல்லூருக்கு விசா என்னும் சொல் புதிதன்று. மலேயா, சிங்கப்பூர் என்று கப்பலேறியவர்களின் ஊர் இது. இன்று வளைகுடா நாடுகளுக்குப் போவோரும் பலர். பிழைப்புக்காகப் போகிறவனுக்கு விசா கிடைக்காவிட்டால் ஏஜெண்டிடம் கொடுத்த பணம் போகும். ஆயினும் திரும்பி வந்து தலைசாய்க்க ஊரில் ஒரு கூரையாவது இருக்கும். உயிருக்கு அஞ்சி ஓடியவனுக்குக் கிடைக்காவிட்டால் பின்னே போக இடமில்லை, முன்னே போக வழியில்லை.

'அகதிகளின் வழக்கு நமக்கெதற்கு?' என்று கேட்போர் இருக்கலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டோருள் பெரும்பகுதியினர் நம்மவர்கள், தமிழகத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள் என்பதை மறக்கலாகாது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கிற்று. கோடகன் பிள்ளை என்பார் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடி, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றார். சட்டத்தின் எழுத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை; பாகுபாடு இல்லை என்று 1953-இல் அங்கே தீர்ப்பாயிற்று. ஏட்டில் பெயர் எழுதாமலே ஒருவனை விலக்கிவைக்கும் வித்தையை நாம் தெருவிலும் கண்டிருக்கின்றோம், குளத்தங்கரையிலும் கண்டிருக்கின்றோம்.

இனி, அண்மைக் காலத்து வழக்கு ஒன்றினைப் பார்ப்போம். 2009 அக்டோபரில், இந்தோனேசியாவை ஒட்டிய கடலில் தத்தளித்த 78 இலங்கையரை ஆஸ்திரேலியாவின் 'ஓஷியானிக் வைக்கிங்' என்னும் சுங்கக் கப்பல் மீட்டது. இந்தோனேசியாவில் இறங்க மாட்டோம் என்று அவர்கள் பல வாரங்கள் கப்பலிலேயே இருந்தனர். அவர்களுள் ஒரு தமிழர், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். பாதுகாப்பு விசா கேட்பவரின் பெயரை நீதிமன்றம் வெளியிடலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். ஆதலின் அவர் 'மனுதாரர் எம்47' என்று மட்டுமே அறியப்படுகின்றார். சொந்த நாட்டுக்குத் திரும்பினால் அவர் துன்புறுத்தப்படுவார் என்பதை அரசின் அதிகாரிகளே ஒப்புக்கொண்டனர். அதாவது, அவர் அகதி என்பதில் வழக்கே இல்லை. ஆயினும் 'ஏசியோ' எனப்படும் அந்நாட்டு உளவு அமைப்பு, இவரால் பாதுகாப்புக்கு ஊறு நேரலாம் என்று மதிப்பீடு எழுதிற்று. அந்த ஒரு மதிப்பீட்டால் விசா மறுக்கப்பட்டது. வேறு எந்நாடும் ஏற்க முன்வரவில்லை. எனவே தடுப்புக் காவல். அதற்குக் கெடுவும் இல்லை. குற்றம் செய்து தண்டனை பெற்றவனுக்கு விடுதலை நாள் தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

இங்கேதான் நீதிமுறை மறுஆய்வு என்பது இன்னதென்று நம் இளைஞர்கள் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். அது மேல்முறையீடு அன்று. மேல்முறையீட்டில் முடிவு சரியா தவறா என்று புதிதாகப் பார்ப்பார்கள். மறுஆய்விலோ, முடிவு எடுக்கப்பட்ட முறை சட்டப்படி அமைந்ததா என்பது மட்டுமே கேள்வி. தஞ்சை விவசாயத் தொழிலாளர் போராடிக் கேட்டவற்றுள் முத்திரை மரக்கால் ஒன்று. எத்தனை மரக்கால் கூலி என்பது ஒரு சண்டை. அளக்கிற மரக்கால் முத்திரை பெற்றதா, களத்தில் எல்லார் கண்ணெதிரே அளக்கப்பட்டதா என்பது வேறொரு சண்டை. மறுஆய்வு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. 'இவன் ஆபத்தானவனா?' என்று நீதிபதி கேட்பதில்லை. 'ஆபத்தானவன் என்று முடிவு செய்ய உனக்கு அதிகாரம் தந்தது எது? அவன் பக்கத்தைக் கேட்டாயா?' என்று அரசைக் கேட்கின்றார்.

பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் மரக்காலே திரைக்குப் பின்னே போய்விடுகின்றது. இரகசியத்துக்கு நியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. தகவல் கொடுத்தவனின் உயிரைக் காக்க வேண்டிய நேரங்கள் உண்டு. ஆனால் எதை மறைப்பது என்று தீர்மானிப்பவனே, மறைத்ததை நம்பு என்றும் சொல்வானாயின், அங்கே நீதிமன்றத்துக்கு என்ன வேலை? லெகாய் என்னும் ஈரானிய மத போதகரின் வழக்கில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2005-இல் இந்தச் சங்கடத்தை நேராகவே ஒப்புக்கொண்டது. அவருக்கு நியாயமான விசாரணை பெறும் உரிமை உண்டு, ஆனால் பாதுகாப்பின் பொருட்டு அவ்வுரிமையின் உள்ளடக்கம் ஒன்றுமில்லை என்ற அளவுக்குச் சுருங்கிவிடலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இலை போட்டுவிட்டுச் சோறு இல்லை என்பது போன்றது இது!

எம்47 வழக்கில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபர் 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தன் பக்கம் முறையாகக் கேட்கப்படவில்லை என்ற அவர் வாதம் எடுபடவில்லை. மற்றொரு வாதம் வென்றது. அகதி ஒருவருக்குப் பாதுகாப்பைக் காட்டி விசா மறுப்பதற்குப் பாராளுமன்றம் இயற்றிய குடிவரவுச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. அவ்வழியில் முடிவு செய்பவர் அமைச்சர். மறுக்கப்பட்டவர் தீர்ப்பாயத்தில் முறையிடவும் இடமுண்டு. அரசோ, தானே எழுதிக்கொண்ட விதி ஒன்றினால் அவ்வழியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. உளவு அமைப்பு வேண்டாம் என்றால் விசா இல்லை, முறையீடும் இல்லை என்பது அவ்விதி. சட்டம் அமைச்சரிடம் கொடுத்த பொறுப்பை விதியின் மூலம் உளவு அமைப்பிடம் தள்ளிவிட முடியாது என்று கூறி, ஏழு நீதிபதிகளுள் நால்வர் அவ்விதியைச் செல்லாதென்றனர். மூவர் மாறுபட்டனர்.

வென்றவர் வீட்டுக்குப் போனாரா? இல்லை. விசா மனுவை மீண்டும் பரிசீலிக்க வேண்டும் என்பதே கிடைத்தது, காவல் நீடித்தது. 2014-இல் பாராளுமன்றம் அதே நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்துவிட்டது. விதியாக வந்தபோது வீழ்ந்தது, சட்டமாக வந்து நிமிர்ந்து நின்றது. நீதிமன்றத்தின் கை எட்டும் தூரம் இவ்வளவே என்று சிலர் சலித்துக்கொள்வர். நாம் அப்படிக் கருதவில்லை. அவ்வழக்கின் காலத்திலேயே நெருக்கடி மிகுந்து, 2012 இறுதியில் மார்கரெட் ஸ்டோன் என்னும் முன்னாள் நீதிபதியை, பாதுகாப்பு மதிப்பீடுகளைத் தனித்து ஆராய்பவராக அரசு நியமித்தது. அவர் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் கோப்பைத் திறந்து பார்க்க வெளியார் ஒருவர் வந்த பிறகு, ஆபத்தானவர் என்று எழுதப்பட்ட பலருடைய மதிப்பீடுகள் மாறின; அவர்கள் வெளியே வந்தனர். ஆபத்து அந்த மனிதர்களிடம் இருந்ததா, கோப்பில் மட்டும் இருந்ததா?

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவும் 2013-இல் இத்தகைய 46 பேரின் முறையீட்டை ஆராய்ந்து, அவர்களைத் தடுத்து வைத்தது தன்னிச்சையானது, மனிதத் தன்மையற்றது என்று கூறிற்று. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர். காலவரையற்ற காவல் செல்லும் என்று 2004-இல் அல்-கதேப் வழக்கில் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2023 நவம்பரில் நாடற்ற ரோஹிங்கியா ஒருவரின் வழக்கில் அதனை மாற்றியது. அனுப்ப நாடில்லாதவரை முடிவின்றி அடைத்து வைப்பது தண்டனையாகும், தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அரசின் வேலை அன்று என்றது. இடையே கழிந்தவை பத்தொன்பது ஆண்டுகள்.

கனடாவில் நிலை சற்று மேல். மாணிக்கவாசகம் சுரேஷ் என்னும் ஈழத் தமிழரை, விடுதலைப் புலிகளுக்கு நிதி திரட்டியவர், பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சொல்லி நாடு கடத்த அரசு முனைந்தது. அவருக்கு எதிரான செய்தி அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும், எழுத்தில் மறுமொழி சொல்ல வாய்ப்பு வேண்டும், அமைச்சர் காரணங்களை எழுதித் தர வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அவர் நல்லவர் என்று நீதிமன்றம் சான்று கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை.

நம் நாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அயல்நாட்டாரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்று 1955-இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் போய், 2025-இல் புதிய சட்டம் வந்த பின்னரும் அவ்வதிகாரம் குறையவில்லை. ஆனால் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். அங்கே 'குடிமகன்' என்ற சொல் இல்லை. எந்த மனிதருக்கும் என்ற பொருளே உள்ளது. உச்ச நீதிமன்றத்தை நேரே அணுகும் உரிமை தரும் 32-ஆம் பிரிவை அரசியல் சட்டத்தின் ஆன்மா, இதயம் என்று அவர் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் குறிப்பிட்டதன் பொருளும் அப்போது விளங்கும்.

மூடி முத்திரையிட்ட உறை நம் நீதிமன்றங்களுக்கும் பழக்கமானதே. கேரளத்தின் 'மீடியாஒன்' தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி இல்லை என்று 2022-இல் மத்திய அரசு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. காரணம் உறைக்குள் போயிற்று. உயர் நீதிமன்றம் அதைப் பார்த்து அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் 5-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. தேசப் பாதுகாப்பு என்று வெறுங்காற்றில் சொல்லிவிட்டால் போதாது, மறைப்பதற்கும் நியாயம் காட்ட வேண்டும் என்றது. அயல்நாட்டு அகதிக்கு இதே அளவுகோல் முழுமையாகப் பொருந்துமா என்பது இனித்தான் வாதாடிப் பார்க்க வேண்டிய செய்தி. அதை வாதாடப் போகும் வழக்கறிஞர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கும் மாணவியாக ஏன் இருக்கலாகாது?

நீதிமன்றத்தைப் பற்றி நமக்கு மயக்கமும் இல்லை. இங்கிருந்து தொலைவில் இல்லாத கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு 44 பேர் எரிந்து சாம்பலாயினர். அவ்வழக்கில் 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம், காரும் நிலமும் படைத்த மிராசுதார்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்று கருதி, தண்டிக்கப்பட்டோரை விடுவித்தது. அத்தீர்ப்பு திறந்த நீதிமன்றத்தில் எழுதப்பட்டதாதலால், அதன் காரணத்தை நாம் இன்றும் எடுத்து வைத்துக் கேட்கின்றோம். காரணமே எழுதப்படாத ஆணையை எப்படிக் கேட்பது?

சந்தேகத்தைச் சாதியாகவே எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 வரை நடந்தது. பட்டியலில் தன் பெயர் ஏன் இருக்கிறதென்று அதிலிருந்தவனுக்கு யாரும் சொன்னதில்லை. இன்று பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்யும் நம் பிள்ளைகளுக்குப் போலீசு விசாரணை உண்டு. ஊர்வலத்தில் போனதும், கூலி உயர்வு கேட்டதும் கோப்பில் எவ்வாறு எழுதப்படும் என்பதை யார் அறிவார்?

ஆகவே தம்பிமார்களே, ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம் 5-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு: மறுப்பவர் காரணத்தைச் சுருக்கமாக எழுதிவைக்க வேண்டும், கேட்டால் நகல் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு முதலியவற்றின் பொருட்டு நகலைத் தர மறுக்கலாம் என்ற விலக்கும் அங்கேயே இருக்கின்றது. நகல் மறுக்கப்பட்டாலும் கேட்டதற்குச் சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆதலின் எழுத்தில் கேளுங்கள். 226-ஆம் பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போவதற்கு அந்தத் தாள்தான் முதல் படி. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, அட்டவணைச் சாதியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. திருவாரூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கின்றது. சாதிச் சான்றிதழின் நகலோடு அங்கே செல்லுங்கள்.