தளபதி கையெழுத்திட்ட தாள்கள்



தாதேயுஷ் கொஸ்சியுஸ்கோவை இந்தச் சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்ததற்கு அவர் வென்ற போர்கள் காரணமல்ல. போலந்து மண்ணில் அவருக்குக் கிடைத்த பெருவெற்றி ஒன்றோ இரண்டோதான், இழந்ததோ நாட்டையே. அவர் கையெழுத்துப் போட்ட மூன்று தாள்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

1746இல் சிறிய பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வார்சாவிலும் பாரிசிலும் படித்த படைப் பொறியாளர். அமெரிக்க விடுதலைப் போரில் சாரட்டோகாவிலும் வெஸ்ட் பாயிண்டிலும் அரண்களைத் திட்டமிட்டவர் அவர். அவர் ஊர் திரும்பிய பின், 1793இல், ரஷ்யாவும் பிரஷ்யாவும் போலந்தை இரண்டாம் முறையாகப் பங்குபோட்டன. 1794 மார்ச் 24 அன்று கிராக்கோவ் சந்தைச் சதுக்கத்தில் உறுதிமொழி எடுத்துக் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றார்.

துப்பாக்கி போதவில்லை. குடியானவர்கள் புல்லறுக்கும் நீண்ட அரிவாளோடு வந்தார்கள். கழிக்குக் குறுக்கே இருந்த அலகைக் கழற்றி, ஈட்டி போல நேராக நிமிர்த்திப் பொருத்தினால் அது போர்க்கருவி. ஏப்ரல் 4இல் ரத்ஸ்லாவிட்செயில் ஏறத்தாழ 2,000 பேர் இந்த ஆயுதத்துடன் நின்றார்கள்; அவர்களில் ஒரு பிரிவினர் ரஷ்யப் பீரங்கிகள் மேல் பாய்ந்தார்கள். பார்தோஷ் குவோவத்ஸ்கி என்ற பண்ணையடிமை, பீரங்கியின் திரி எரியும்போதே தன் தொப்பியைப் போட்டு அமுக்கி அணைத்தாராம். போலந்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த கதை. வெற்றிக்குப் பின் தளபதி அணிந்துகொண்டது கிராக்கோவ் குடியானவரின் மேலங்கியை.

வேடம் போடுவது எளிது. தாளில் எழுதித் தருவதுதான் கடினம். மே 7 அன்று போவானியெட்ஸ் பாசறையிலிருந்து அவர் வெளியிட்ட பிரகடனம்தான் முதல் தாள்; அது குடியானவர்களுக்குத் தன்னுரிமை தந்தது. வாரத்தில் ஐந்தாறு நாள் பிரபுவின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு இரண்டு நாள் குறைந்தது. உழும் நிலத்தைவிட்டு அவர்களை விரட்டுவதற்கும் தடை வந்தது. முழு விடுதலை இல்லைதான். பிரபுக்களையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடியில் எழுதிய தாள் அது. அந்த அரைகுறையைக்கூடப் பிரபுக்கள் பலர் பொறுக்கவில்லை. தங்கள் ஊரில் நடைமுறைக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். குவோவத்ஸ்கி ஜூனில் ஷ்செகொச்சினி போரில் விழுந்தார். அக்டோபர் 10இல் மச்சியொவிட்செயில் தளபதியே காயம்பட்டுச் சிறையானார். 1795இல் போலந்து வரைபடத்திலிருந்து அழிந்தது.

அந்தப் பிரகடனத்தை அன்று மதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அறுதியிட முடியாது. மதிக்காததன் விலை மட்டும் தெரியும். 1846இல், போலந்தின் ஒரு பகுதியாக இருந்த கலீசியாவை ஆண்ட ஆஸ்திரியாவை எதிர்த்துப் பிரபுக்கள் கிளர்ந்தபோது, அங்கிருந்த குடியானவர்கள் அரிவாளை அந்தப் பிரபுக்கள் மீதே திருப்பினார்கள்.

இரண்டாம் தாள் 1798இல் அமெரிக்காவில் எழுதிய உயில். ரஷ்யச் சிறையிலிருந்து விடுதலையாகி அங்கே போனவருக்குப் பழைய படைச் சம்பளப் பாக்கி கிடைத்தது. அந்தச் சொத்தைக் கொண்டு கறுப்பின அடிமைகளை விலைக்கு வாங்கி விடுவித்து, கல்வியும் கொடுக்கும்படி நண்பர் ஜெபர்சனிடம் ஒப்படைத்தார். ஜெபர்சனின் சொந்த அடிமைகளையே வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார்! நண்பனின் முகத்துக்கு நேரே இதைவிட மரியாதையாக ஒரு குற்றச்சாட்டை வைக்க முடியுமா?

கொஸ்சியுஸ்கோ இறந்த பிறகு, முதுமையைக் காட்டி ஜெபர்சன் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். அவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1827இல், அவருடைய மான்டிசெல்லோ பண்ணையின் அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். கொஸ்சியுஸ்கோவும் பின்னாளில் வேறு உயில்கள் எழுதிக் குழப்பியிருந்தார். உயில் நிறைவேறாத பழியில் அவருக்கும் பங்குண்டு. வழக்கு இழுத்து இழுத்து, 1852இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பணம் உறவினர்களுக்கே என்று தீர்த்தது. அந்தப் பணத்தால் ஒரே ஒரு அடிமைகூட விடுதலையாகவில்லை.

மூன்றாம் தாள் சுவிட்சர்லாந்தின் சோலோதூர்னில் எழுதியது, 1817 ஏப்ரலில். நெப்போலியனும் ஜார் மன்னனும் அவர் பெயரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்து ஓய்ந்திருந்த காலம். இம்முறை பிரபுக்களின் தயவு தேவையில்லை, நண்பரின் துணையும் தேவையில்லை, சொத்து அவருடையது. சியெக்னோவிட்செயில் இருந்த தம் குடியானவர்களின் தளையை நீக்கி, அவர்கள் உழுத நிலத்தையும் அவர்களுக்கே எழுதி வைத்தார். அதே ஆண்டு அக்டோபர் 15இல் காலமானார்.